திரும்பி வராத ஸ்டியரிங்

குப்பைத் தொட்டி உருண்டுபோய் எதிர்வீட்டு வாசலில் நின்றது. அதன் மூடி மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் தனியாகப் போய், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்துக்கொண்டது.

கார் ஒரு சக்கரத்தை நடைபாதையில் ஏற்றி வைத்துக்கொண்டு நின்றிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அத்தை. பக்கத்து இருக்கையில், தன் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கை முழுசாக மிதித்தபடி டீச்சர்.

"திரும்பினதும் ஸ்டியரிங்கை லேசா விடுங்க, அதுவே நேரா வந்துடும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் அத்தை?"

"விட்டேனே."

"விட்டா ஏன் நடைபாதையில ஏறுது?"

"அது வரலைம்மா."

"வராம எங்க போகும்? நீங்க இறுக்கிப் பிடிச்சிருப்பீங்க. பயம் வந்தா உங்களுக்குக் கை இரும்பாயிடும். போன தடவை மேட்டுல வண்டி நின்னதும் அதனாலதான். இன்னைக்கு மதியம் பரீட்சை. இப்படி ஓட்டினா அந்த ஆபீசர் பாதி வழியில இறங்கி நடந்தே போயிடுவார்."

சொல்லி முடித்த பிறகுதான் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று டீச்சருக்கே உறைத்தது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

அத்தை பெல்ட்டைக் கழற்றினார். கதவைத் திறந்து இறங்கினார். தெருவைக் கடந்து தொட்டியை நிமிர்த்தி, மூடியைத் தேடி எடுத்துப் போட்டார். பிறகு வீட்டுப் படியேறி, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"நான் பரீட்சைக்கு வரலை. நீ வேற ஆளைக் கூட்டிட்டுப் போ."

இந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டீச்சர் பள்ளிக்கூடத்து டீச்சர் அல்ல. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். சொந்தமாக ஒரே ஒரு கார், அதன் தலையில் ஒரு பலகை, இதுதான் அவள் பள்ளிக்கூடம். அத்தை அவள் மாமியார். ஆஸ்பத்திரி சமையற்கட்டில் இருபது பேரை அதட்டி வேலை வாங்கி ஓய்வு பெற்றவர். 'என்னை யாராவது கொண்டுபோய் விடணும்னு வாசல்ல நின்னது போதும்' என்று ஒருநாள் மருமகளிடமே மாணவியாகச் சேர்ந்துவிட்டார். முதல் பரீட்சையில் மேட்டில் வண்டி நின்று தோற்றதும், அன்று முழுக்க வீட்டில் யாரும் வாயைத் திறக்காததும் பழைய கதை.

டீச்சர் பெருமூச்சு விட்டபடி ஓட்டுநர் இருக்கைக்கு மாறினாள். வண்டியைப் பின்னால் எடுத்து, நடைபாதையை விட்டு இறக்கி, இடது பக்கம் திருப்பினாள்.

டொய்ங்.

முன்பக்கத்திலிருந்து, அறுந்த வீணைத் தந்தி போல ஒரு சத்தம்.

அவள் கையைத் தளர்த்தினாள். ஸ்டியரிங் அசையவில்லை. திருப்பின இடத்திலேயே பிடிவாதமாக நின்றது. கார் மறுபடியும் நடைபாதையைத் தேடிப் போனது. பிரேக்கை மிதித்தாள்.

இன்னொரு தடவை செய்து பார்த்தாள். டொய்ங். மறுபடியும் அப்படியே.

'அது வரலைம்மா' என்று அத்தை சொன்னது காதில் கேட்டது. டீச்சருக்கு முகம் சூடேறியது.

*

அத்தை சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வாரத்துக்கு ஆகும் அளவு வெங்காயம்.

"அத்தை, தப்பு உங்க மேல இல்லை."

"பரவாயில்லைம்மா. எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். வயசானா கை கேக்காது."

"கை நல்லாத்தான் இருக்கு. வண்டிதான் கேக்கலை. வந்து பாருங்க."

"கண்ணு எரியுது, அப்புறம் வரேன்."

"உங்க மேல நான் கத்தினது தப்பு. அதுக்கு மன்னிச்சுக்குங்க. மன்னிச்சிட்டு வந்து பாருங்க."

கத்தி நின்றது. அத்தை முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம்தான் என்று சொல்லவும் செய்தார்.

வெளியே டீச்சர் காரின் முன்மூடியைத் திறந்தாள். உள்ளே இரண்டு ஓரத்திலும் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல ஒவ்வொரு மூடி.

"சக்கரத்துக்கு மேல நிக்கிற ஸ்பிரிங்கோட தலை இதுதான். ரெண்டையும் நேத்து புதுசா மாத்தினாங்க இல்ல? இது மேல கையை வைங்க. நான் உள்ள போய் ஸ்டியரிங்கைத் திருப்பறேன்."

அத்தை இடது பக்க மூடியில் உள்ளங்கையை வைத்தார். டீச்சர் திருப்பினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கைக்கடியில் ஏதோ முறுக்கிக்கொண்டு, தாங்க முடியாமல் உதறியது.

"ஐயோ!" அத்தை கையை எடுத்துக்கொண்டார். பிறகு மறுபடியும் வைத்தார். "இன்னொரு தடவை திருப்பு."

டொய்ங்.

"வலது பக்கம் வைக்கிறேன், திருப்பு."

சத்தமே இல்லை. வெண்ணெய் போல அமைதி.

அத்தையின் முகத்தில் காலையிலிருந்து காணாமல் போயிருந்த சிரிப்பு வந்து உட்கார்ந்தது. "அப்போ குப்பைத் தொட்டியை இடிச்சது நான் இல்ல!"

இந்த நேரத்தில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வாசலுக்கு வந்தான் அத்தையின் மகன். வங்கியில் வேலை. யார் சண்டை போட்டாலும் நடுவில் போய் நிற்பதால் சின்ன வயசிலிருந்தே அவனுக்குப் பெயர் சமாதானம். அம்மாவின் பரீட்சைக்காக அன்று விடுப்பு போட்டிருந்தான்.

"என்னங்க, நேத்து வண்டியை எடுத்துட்டு வந்தது நீங்கதானே? சத்தம் கேக்கலையா?" என்றாள் டீச்சர்.

"கேட்டுச்சு."

"கேட்டு?"

"பாட்டுப் போட்டுட்டேன்."

மாமியாரும் மருமகளும் ஒரே மாதிரி இடுப்பில் கை வைத்தார்கள்.

"பட்டறை ஸ்பானர்தான் சொன்னான், புதுசு, இறுக்கமா இருக்கும், ஓட ஓடப் பழகிடும்னு..."

"பழகறதுக்கு அது என்ன புதுச் செருப்பா?" என்றார் அத்தை. "வாயைக் கொப்புளிச்சிட்டு வண்டியில ஏறு."

*

ஸ்பானர் சமாதானத்தோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ஒரு காலத்தில் வண்டிக்கு அடியில் படுத்தே வாழ்ந்தவன். இப்போது பட்டறை பெரிதாகிவிட்டது. கண்ணாடி அறை, சுழலும் நாற்காலி, சுத்தமான சட்டை. வேலையை ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

"நான் பேசறேன்" என்று வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டு வந்தான் சமாதானம். "நல்ல பையன். பக்குவமாச் சொன்னாப் புரிஞ்சுக்குவான்."

பக்குவமாகச் சொன்னதை ஸ்பானர் பாதிக்கு மேல் கேட்கவில்லை.

"வண்டி பக்கா, மச்சான். புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர். கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும்." டீச்சர் பக்கம் திரும்பினான். "தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. இது கத்துக்கறவங்க வண்டி. ஆளாளுக்கு ஸ்டியரிங்கைப் போட்டுத் திருகுவாங்க. எந்தச் சாமான் தாங்கும்?"

"நேத்து சாயங்காலம் மாட்டினது அண்ணா. அதுக்கப்புறம் என்னைத் தவிர ஓட்டினது ரெண்டே பேர். ஒருத்தர் உங்க சிநேகிதர்."

சமாதானம் சுவர்க் கடிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

"இன்னொருத்தர் யாரு?"

"நான்தான்" என்றார் அத்தை.

ஸ்பானர் அங்கேதான் சறுக்கினான். சிரித்துவிட்டான். "அம்மா நீங்களா? அதான் பார்த்தேன். இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இந்த வம்பு..."

அத்தை கோபப்படவில்லை. ஆஸ்பத்திரி சமையற்கட்டில் இந்த அமைதியைப் பார்த்தவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு நகர்ந்து நிற்பார்கள்.

"வண்டியில ஏறுப்பா" என்றார்.

பட்டறைக்குப் பின்னால் ஒரு வெட்டவெளி. நடுவில் சக்கரமில்லாத பழைய வேன் ஒன்று செங்கல் மேல் நின்றிருந்தது. அத்தை ஓட்டுநர் இருக்கையில். பக்கத்தில், இரண்டாவது பிரேக் மேல் காலை வைத்தபடி டீச்சர். பின்னால் சமாதானமும் ஸ்பானரும்.

"பெல்ட்டைப் போடு."

"அம்மா, இது நம்ம இடம்தானே..."

"போடு."

போட்டான். அத்தை வண்டியை மெல்ல எடுத்து, வேனைச் சுற்றி இடது பக்கம் திருப்பினார். டொய்ங். பின்சீட்டில் ஸ்பானரின் காது லேசாக நிமிர்ந்தது.

"பார்த்துக்க. கையை எடுக்கறேன்."

இரண்டு கையையும் தூக்கி, விசிறி வீசுவது போல ஆட்டிக் காட்டினார். ஸ்டியரிங் இருந்த இடத்திலேயே இருந்தது. கார் யாரையும் எதிர்பார்க்காமல், தானே வேனைச் சுற்றி வந்தது. முழுச் சுற்று. முடித்துவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்கியது.

"அம்மா, போதும்மா" என்றான் ஸ்பானர்.

"இருப்பா. ஓட ஓடப் பழகிடும்னியே? ஓடட்டும்."

மூன்றாவது சுற்று.

"அம்மா, எனக்குத் தலை சுத்துது" என்றான் சமாதானம்.

"உனக்கும் பழகிடும்."

டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கடைசியில் அவளே பிரேக்கை மிதித்து, எல்லோரையும் காப்பாற்றினாள்.

ஸ்பானரின் முகம் வெளுத்திருந்தது. அது தலை சுற்றியதால் மட்டும் அல்ல.

"யாரு மாட்டினது?" என்று கேட்டார் அத்தை.

"நம்ம பசங்கதான்... நான் அவங்களைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறேன்."

"பசங்க நேத்து இல்லையேடா" என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேசியது சமாதானம். பேசிவிட்டோமே என்று அவனே திகைத்துப் போயிருந்தான். ஆனாலும் நிறுத்தவில்லை. "ரெண்டு பேரும் வெளியூர்ல ஒரு வண்டியைப் பார்க்கப் போயிருக்காங்க, நான் ஒத்தை ஆளா நிக்கறேன்னு நீதானே போன் பண்ணினே? அவங்க மேல எதுக்குப் பழியைப் போடறே?"

ஸ்பானர் தன் சுத்தமான சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நான்தான் மாட்டினேன்" என்றான் கடைசியில். "கையில சாமான் பிடிச்சே ரொம்ப நாளாச்சு மச்சான். மாட்டும்போதே ஒரு இடத்துல சந்தேகம். பசங்களுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். முதலாளி கேக்கறதான்னு ஒரு இது. எனக்கா தெரியாதுன்னு மூடிட்டேன்."

அவன் எதிர்பார்த்தது வசவு. டீச்சர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"காலைல நானும் அதையேதான் பண்ணினேன் அண்ணா. வண்டி வரலைன்னு இவங்க சொன்னாங்க. எனக்கா தெரியாதுன்னு இவங்களைத் திட்டினேன். அதை விடுங்க. மதியம் இவங்களுக்குப் பரீட்சை. அதுக்குள்ள கழட்டிச் சரி பண்ண முடியுமா, முடியாதா?"

ஸ்பானர் கீழே இறங்கினான். சட்டையைக் கழற்றிச் செங்கல் வேனின் கண்ணாடியில் மாட்டினான்.

*

இடது சக்கரம் கழன்று வந்தது. ஸ்பிரிங் வெளியே வந்தது. அதை அமுக்கிப் பிடித்துத் தலைப்பாகத்தைக் கழற்றியதும் ஸ்பானரே நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"தங்கச்சி, இங்க பாருங்க. ஸ்பிரிங்குக்கும் இந்த மூடிக்கும் நடுவுல ஒரு வளையம். பேரிங். இதுதான் ஸ்டியரிங் திரும்பும்போது கூடவே சுழலணும். தலைகீழாப் போட்டிருக்கேன். சுழல முடியாம ஸ்பிரிங் மொத்தமும் முறுக்கிட்டு நின்னிருக்கு."

"சக்கரமெல்லாம் நேரா இருக்கான்னு அலைன்மென்ட் பார்த்தாச்சுன்னு இவர்கிட்ட சொன்னீங்களாமே?"

"பார்த்தேன்." தலையைச் சொறிந்தான். "கண்ணால."

இதற்கிடையில் கண்ணாடி அறையில் போன் விடாமல் அடித்தது. ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் அத்தை உள்ளே போய், சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்துவிட்டார்.

"ஹலோ... ஆமாம், பட்டறைதான்... இன்னைக்கு முடியாதுங்க. முதலாளி வேலை பார்க்கிறார்... ஆமாங்க, அவரேதான். எங்களுக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு... நாளைக்கு வாங்க. வரும்போது என்ன சத்தம், எந்தப் பக்கம்னு சரியாக் கேட்டு வச்சுக்கிட்டு வாங்க."

போனை வைத்துவிட்டு நாற்காலியை ஒரு தடவை சுழற்றிப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் இன்னொரு தடவை.

சக்கரம் ஏறி, இந்த முறை மிஷினில் வைத்து அலைன்மென்ட்டும் பார்த்து முடிந்தபோது ஸ்பானரின் முழங்கை வரை கறுப்பு. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. வண்டியை அவனே முதலில் ஓட்டிப் பார்த்தான். பிறகு சாவியை டீச்சரிடம் கொடுக்காமல், நேராக அத்தையிடம் போய் நீட்டினான்.

"அம்மா, இப்ப நீங்க ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்க. நீங்க சரின்னாதான் சரி."

அத்தை வேனைச் சுற்றி இடது பக்கம் திருப்பினார். சத்தமில்லை. கையைத் தளர்த்தினார். ஸ்டியரிங் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு தானாகவே நேராக வந்து நின்றது.

"வருதுடி!" என்றார் மருமகளிடம். சந்தோஷம் வந்தால் அவருக்கு 'டி' வந்துவிடும்.

*

பரீட்சை ஆபீசருக்குச் சளி. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலேயே கட்டளை போட்டார். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். வண்டி ஒரு விரற்கடை கூடப் பின்னால் நழுவவில்லை. பின்பக்கமாக நிறுத்தச் சொன்னார், நின்றது. சந்தியில் இடது பக்கம் திரும்பச் சொன்னார்.

வெளியே மரத்தடியில் நின்றிருந்த டீச்சர், தன் கையிலும் ஒரு ஸ்டியரிங் இருப்பது போலத் திருப்பினாள். பக்கத்தில் சமாதானம் கண்ணை மூடிக்கொண்டான்.

கார் திரும்பியது. நேரானது. சாலையின் நடுவே சாதுவாகப் போனது.

திரும்பி வந்து இறங்கிய ஆபீசர் இரண்டு தும்மல் போட்டுவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு மெதுவா ஒருத்தர் ஓட்டி நான் பார்த்ததே இல்லை. ஒரு சைக்கிள் நம்மளைத் தாண்டிப் போச்சு. ஆனா தப்புன்னு சொல்ல எனக்கு ஒண்ணும் கிடைக்கலை. பாஸ்."

அத்தை குதிக்கவில்லை. ஆபீசரிடம், "வெந்நீர்ல உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்புளிங்க" என்றார். அவர் அந்தப் பக்கம் போனதும் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கை கொஞ்ச நேரம் விடவே இல்லை.

*

சாயங்காலம் வீட்டு மணி அடித்தது. வாசலில் ஸ்பானர். குளித்துவிட்டு வேறு சட்டை போட்டிருந்தான். நகக்கண்ணில் மட்டும் கறுப்பு மிச்சம். கையில் ஒரு கேக் டப்பா.

"அம்மா பாஸாயிட்டாங்கன்னு மச்சான் போன் பண்ணினான். என்னால கெட்டுப் போயிருக்க வேண்டியது. மனசு கேக்கலை, வந்துட்டேன்."

"வா, வா. உட்காரு" என்றார் அத்தை. கேக் வெட்டினார்கள். காலையில் நறுக்கிய வெங்காயத்தால் கத்தி மணத்தது என்று சமாதானம் சொன்னான், யாரும் கண்டுகொள்ளவில்லை. காருக்குள் சுற்றிய சுற்றை ஸ்பானரே நடித்துக் காட்டினான். டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே ஸ்பானர் சொன்னான்: "தங்கச்சி, ஊரைக் காலி பண்ணிட்டுப் போறதுக்கு முன்னாடி வண்டியை இன்னொரு தடவை கொண்டு வந்து காட்டுங்க. ரொம்பத் தூரம் இல்ல? ஒண்ணு விடாமப் பார்த்துத் தரேன். சாமான் ஏத்தறதுக்கும் நானே ஒரு லாரி சொல்லி விடறேன்."

டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எந்த ஊரைக் காலி பண்றோம்?"

ஸ்பானர் ஒற்றைச் செருப்போடு நின்றான். சமாதானத்தைப் பார்த்தான். சமாதானம் கேக்கைப் பார்த்தான்.

"நான்... பட்டறையைப் பூட்டாம வந்துட்டேன்னு நினைக்கிறேன்" என்றான் ஸ்பானர். இன்னொரு செருப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"மாற்றல் வந்திருக்கு" என்றான் சமாதானம், கேக்கிடம் சொல்வது போல. "பதவி உயர்வோட. நல்ல நேரமாப் பார்த்துச் சொல்லலாம்னு..."

"எப்ப வந்துச்சு?"

"போன மாசம்."

"உங்க சிநேகிதருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியலை. என் கிளாஸுக்கு அடுத்த வாரம் நாலு பேர் புதுசாச் சேர்றாங்க. அவங்ககிட்ட நான் என்ன சொல்றது?" டீச்சரின் குரல் உயரவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"சண்டை வரக்கூடாதுன்னுதான்..."

"டேய்" என்றார் அத்தை. "ஊர்ச் சண்டைக்கெல்லாம் நடுவுல போய் நிப்பே. உன் வீட்டு விஷயம்னா மட்டும் மேஜைக்கு அடியிலயா ஒளிஞ்சுக்குவே?"

அவர் எழுந்து போய்க் கார் சாவியை எடுத்தார். மருமகளைப் பார்த்துத் தலையை அசைத்தார். "வாம்மா. ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

"நானும் வரேன்" என்று எழுந்தான் சமாதானம்.

"நீ தட்டெல்லாம் கழுவி வை."

வண்டி சத்தமில்லாமல் போனது. மருமகள் பழக்கத்தில் இரண்டாவது பிரேக் பக்கம் காலை வைத்தாள், பிறகு எடுத்துவிட்டாள். ஜன்னல் வழியே காற்று வந்தது.

"அவன் போகட்டும், வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். அவன் உழைச்சதுக்கு வந்தது" என்றார் அத்தை. "ஆனா நான் எங்க இருக்கப் போறேன்னு நானே முடிவு பண்ணிக்குவேன். உன் முடிவை நீ பண்ணு. அவனுக்காகவும் வேண்டாம், எனக்காகவும் வேண்டாம். உனக்கு என்ன தோணுது, போறியா, இருக்கியா?"

டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு கையை நீட்டி முன்னால் காட்டினாள்.

"ரோட்டைப் பாருங்க அத்தை. சிவப்பு."

கார் கோட்டுக்கு முன்னால், கச்சிதமாக நின்றது. பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. எதிரே ஜனங்கள் கடந்து போனார்கள். டீச்சர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அவசரப்படவில்லை.

விளக்கு மாறியது. பஸ் கிளம்பியது. பின்னாலிருந்து யாரோ ஹார்ன் அடித்தார்கள்.

"பச்சை வந்துடுச்சு" என்றார் அத்தை, வண்டியை எடுத்தபடி. "இப்பச் சொல்லு."